நாலாவது கண்

ஆகஸ்ட் 19

உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். பத்தொன்பது வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்த கை, துடுப்புப் பிடித்த நாலாம் நாளே அழுகிறது. தையலில் விரல் நுனிதான் காய்த்துப்போகும், உள்ளங்கை மெத்தென்றே இருக்கும் என்பது எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

இந்த டைரி கம்பெனியில் கடைசி நாள் கொடுத்தது. வீட்டில் பேசுவது உருது என்றாலும் எனக்கு எழுத வருவது தமிழ்தான், படித்தது நகராட்சிப் பள்ளி. என் வீட்டுக்காரருக்குத் தமிழில் போஸ்டர் அளவுக்குத்தான் படிக்க வரும். ஆகையால் என்ன வேண்டுமானாலும் எழுதலாம்.

பாலாற்றில் தடுப்பணை கட்டியதிலிருந்து ரயில் பாலத்தின் இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கிறது. நகராட்சி அதில் படகு விடப்போகிறோம், நடத்த மகளிர் குழு வேண்டும் என்றது. ஷூ கம்பெனியில் என் லைனில் இருந்த சங்கீதா, பேக்கிங்கில் இருந்த கெங்கம்மா அக்கா, நான் மூவரும் கையைத் தூக்கினோம். நான் சூப்பர்வைசர் வேலையை விட்டுவிட்டுத் தூக்கினேன்.

ஏன் என்று எல்லோரும் கேட்கிறார்கள். சின்ன வயதிலிருந்து அந்தப் பாலத்தை ரயிலில் தாண்டும்போதெல்லாம் யாராவது ஒருவர் கீழே எட்டிப் பார்த்து, "இதுவா பாலாறு? தண்ணி எங்க?" என்பார். என்னமோ நான் குடித்துவிட்ட மாதிரி எனக்குக் கோபம் வரும். இதை ஒரு காரணமாக யாரிடமும் சொல்ல முடியாது. ஆனால் காரணம் அதுதான்.

ஆகஸ்ட் 23

கை எரிகிறது. சங்கீதாவுக்கும் எரிகிறதாம். கேட்டதில் ஓர் ஆறுதல்.

ஆகஸ்ட் 31

இவருடைய அக்கா ரஃபத் ஆபா வந்திருந்தார். டீயை ஆறட்டும் என்று வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"கம்பெனியில சூப்பர்வைசர்னா ஒரு மரியாதை. இப்ப யாராவது கேட்டா இன்னா சொல்றது? என் தம்பி பொண்டாட்டி படகு தள்றான்னா?"

"தள்றதில்ல ஆபா. துடுப்பு போடறது."

"புர்கா போட்டுக்கினா?"

"போட்டுக்கினுதான். அதுக்கு மேல லைஃப் ஜாக்கெட்டு."

தௌபா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். புர்காவின் கைப்பகுதியைக் குறுக்கி, மணிக்கட்டில் எலாஸ்டிக் வைத்துத் தைத்திருப்பதைக் காட்டினேன். துடுப்பில் மாட்டாது, மேலே ஏறாது. தையலைத் திருப்பிப் பார்த்தார். குறை ஒன்றும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

செப்டம்பர் 7

இதுவரை பழகியது இரவல் படகில், இன்று எங்களுக்கென்று இரண்டு புதுத் துடுப்புப் படகும் வந்துவிட்டன. சங்கீதா பார்த்ததும், "ஒண்ணு லெஃப்ட்டு, ஒண்ணு ரைட்டு" என்றாள். ஷூ தைத்த புத்தி எங்கே போகும். அதுவே பெயராகிவிட்டது.

சாயங்காலம் இவர் பார்க்க வந்தார். கவுஸ் பாஷா என்றால் தோல் பதனிடும் ஷாப்பில் ஃபினிஷிங் வேலை தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தோலுக்கு நிறம் ஏற்றுவதில் அந்தக் கைக்குத் தனிப் பெயர். படகுக்குள் இருந்த பிளாஸ்டிக் பெஞ்சைத் தட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இன்னா இது, பஸ் ஸ்டாண்டு பெஞ்சு மாதிரி. ஆம்பூர்ல ஓடப்போற படகு தில்ஷாத். சீட்டு தோல்லதான் இருக்கணும்."

எனக்கு அந்த நிமிஷம் அவர் மேல் வந்த பெருமையை எழுதினால் வெட்கமாக இருக்கும். எழுதாமல் விடுகிறேன்.

செப்டம்பர் 18

சீட்டுகள் முடிந்தன. தேன் நிறம். தோல் அவர் கை, தையல் என் கை, இரட்டைத் தையல். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு சாமான் செய்தது இதுதான் முதல் தடவை. வீட்டுக் கூடத்தில் வரிசையாக வைத்துவிட்டு இரண்டு பேரும் சும்மா பார்த்துக்கொண்டு இருந்தோம்.

செப்டம்பர் 22

திறப்பு விழா. எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

நகராட்சித் தலைவர் வெள்ளை வேட்டியில் வந்தார். ரயில்வேயிலிருந்து ராமமூர்த்தி சார் வந்தார். பாலம் அவர் பொறுப்பு, இன்ஜினியர். அவர் போட்டிருந்தது வெளிர் நிற பேன்ட். கெங்கம்மா அக்கா பளபளவென்று இருக்கட்டும் என்று காலையில் சீட்டையெல்லாம் ஈரத்துணி போட்டுத் துடைத்து வைத்திருந்தார். மேலே நல்ல வெயில். இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். சங்கீதா ஒரு சுற்று அழகாகக் கொண்டுபோய் வந்தாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

அவர்கள் எழுந்து கரைப்பக்கம் திரும்பினார்கள். கைதட்டல் நின்றுபோனது.

வேட்டியிலும் பேன்ட்டிலும் பின்பக்கம் தேன் நிறத்தில் இரண்டிரண்டு வட்டம். பழுத்த மாம்பழம் அளவுக்கு.

கூட்டத்தில் ஒரு குரல்: "பாஷா பாய், கலர் நல்லா புடிச்சிருக்கு." அப்புறம் சிரிப்புதான். இவர் முன்வரிசையில் நின்றிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன், பார்க்காமல் இருந்திருக்கலாம்.

தலைவர் சிரித்துச் சமாளித்துவிட்டார். ராமமூர்த்தி சார் சிரிக்கவில்லை. கர்ச்சீப்பால் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார். "பாலத்துக்கு அடியில படகு போகக்கூடாதும்மா. தூண்ல மோதினா தூணுக்கு ஒண்ணும் ஆகாது. உள்ள இருக்கறவங்களுக்கு ஆகும். பதில் சொல்ல வேண்டியது நாங்க. பேன்ட்டுக்காகச் சொல்லல, முன்னாடியே சொல்லணும்னுதான் வந்தேன்."

போச்சு. படகுத்துறை பாலத்துக்கு இந்தப் பக்கம், ரோடு இருக்கிற பக்கம். இங்கே இடுப்பளவுத் தண்ணீரும் ஆகாயத்தாமரையும்தான். நல்ல தண்ணீர் பாலத்துக்கு அந்தப் பக்கம், அணை வரை விரிந்து கிடக்கிறது. பாலத்தைத் தாண்டவில்லை என்றால் இது ஆற்றில் படகு இல்லை, குட்டையில் படகு.

செப்டம்பர் 24

ஊரெல்லாம் இதே பேச்சு. பிரியாணிக் கடையில் சாப்பிட்டு எழுந்திருப்பவர்கள் பின்பக்கம் தட்டிப் பார்த்துக்கொள்கிறார்களாம். சிரிக்கட்டும். எத்தனை நாள் சிரிப்பார்கள்.

இவர் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இன்று கேட்டுவிட்டேன். நிறத்துக்கு மேலே லாக்கர் பூச்சு அடித்திருந்தால் சாயம் இறங்கியிருக்காதே, ஏன் அடிக்கவில்லை என்று.

"அடிச்சா தோலோட அழகு தெரியாது."

"இப்ப நல்லா தெரிஞ்சுதா?"

அவர் எழுந்து படகுத்துறைக்குப் போனார். சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துக் கொண்டுவந்து கொல்லைப்புறத்தில் போட்டார். "இனிமே நான் அந்தக் கரைப் பக்கம் வரமாட்டேன்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு என்னவோ செய்தது.

செப்டம்பர் 25

அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. வாய். எப்பவும் இந்த வாய்தான்.

அக்டோபர் 13

வருகிறார்கள். ஏறுகிறார்கள். தாமரையைச் சுற்றி வந்ததும், "அவ்ளோதானா?" என்கிறார்கள். இன்று ஒருவர் நாலாவது தூண் பக்கம் கை காட்டி, "அந்தாண்ட போலாமே" என்றார். ரயில்வே அனுமதி இல்லை என்றேன். "பாலத்துக்கு அடியில போகாத படகு இன்னாத்துக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதனால்தான் அவர்மேல் கோபம் வந்தது.

நகராட்சியிலும் சொல்லிவிட்டார்கள். பொங்கலுக்குள் பாலத்தைத் தாண்ட ரயில்வே சம்மதிக்கவில்லை என்றால் படகை நிறுத்திவிடுவார்கள்.

கம்பெனி மேனேஜர் நசீர் அகமது போன் செய்தார். "உன் சேர் காலியாத்தான் இருக்கும்மா, எப்ப வேணா வா" என்றார். நல்ல மனிதர், நல்ல மனசோடுதான் சொன்னார். குத்திக் காட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

திரும்பிப் போவேனா? போகமாட்டேன். போகவேண்டி வந்தால்?

போகமாட்டேன்.

அக்டோபர் 21

ஆறு வந்திருக்கிறது. செம்மண் நிறத்தில், கரைக்குக் கரை, சத்தம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. தடுப்பணை மேல் வழிகிறது. ஊரே கரையில் நிற்கிறது. எங்கள் தெரு ஆட்கள் தொழுகை முடிந்து தொப்பியோடு வந்து நின்றார்கள், சங்கீதாவின் ஊர்க்காரர்கள் மஞ்சளும் பூவும் கொண்டுவந்து ஆற்றில் விட்டார்கள். மேலே ரயில் போனது. ஜன்னல் எல்லாம் கை. இப்போது கேளுங்கள், தண்ணி எங்க என்று.

படகுகளைக் கரையேற்றிக் கட்டிவிட்டோம். அனுமதி இல்லாத துக்கம்கூட இன்று ஒரு நாள் மறந்துபோனது.

நவம்பர் 6

வெள்ளம் வடிந்து தண்ணீர் தெளிந்து நிற்கிறது. காலையில் ராமமூர்த்தி சார் வந்தார். கூட ஓர் ஆள், கையில் சின்னச் சுத்தியல். நேராக விஷயத்துக்கு வரவில்லை. மழை, ஆறு எல்லாம் பேசினார்.

அப்புறம் சொன்னார். "வருஷா வருஷம் மழை விட்டதும் தூணையெல்லாம் தட்டிப் பாக்கணும். இதுவரைக்கும் மணல்ல நடந்து போய் தட்டிட்டு வந்துடுவோம். இப்ப எல்லாத் தூணையும் சுத்தித் தண்ணி."

"நீச்சல் தெரியுமா சார்?" என்று கெங்கம்மா அக்கா கேட்டார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"படகு வேணும்மா" என்றார் அவர்.

லெஃப்ட்டில் ஏற்றிக்கொண்டோம். சீட்டு இப்போது பழைய பிளாஸ்டிக்தான், இருந்தாலும் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து விரித்து அதன்மேல் உட்கார்ந்தார். சங்கீதா என்னைப் பார்த்தாள், நான் ஆற்றைப் பார்த்தேன்.

படகு தூணில் இடிக்காமல் இருக்கப் பக்கவாட்டில் பழைய டயர் துண்டுகளைக் கட்டியிருந்தோம். அவர் கல்லைத் தட்டுகிறார், காதை வைத்துக் கேட்கிறார். பொறுமையான மனிதர், வேலையில் கண்ணாக இருக்கிறார், அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் தூணை ஒட்டி ஓடுகிற தண்ணீர் படகைத் தூக்கித் தூக்கி இடிக்கிறது. ஓர் இடியில் சுத்தியல் தண்ணீரில் விழப் பார்த்தது. போதாதற்கு, வெள்ளம் எவ்வளவு ஏறியது என்று பார்க்கத் தூணில் புதிதாக எழுதிய வெள்ளை அளவுகோல் மேல் டயர் கரிக்கோடு போட்டுவிட்டது.

"பாத்தீங்களா? இதைத்தான் நான் சொன்னேன்" என்றார். கோபமில்லை. மீதித் தூண்களைச் சனிக்கிழமை பார்க்கலாம், அன்றைக்கும் இப்படித்தான் என்றால் வேறு எங்காவது படகு கேட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுபடியும் எங்களால் கறை. எங்கள் ராசி.

நவம்பர் 7

துணி காயப்போடக் கொல்லைக்குப் போனேன். அந்தச் சீட்டுத் தோல் அங்கேயே கிடக்கிறது. ஒன்றரை மாச மழையும் வெயிலும் அதன் மேல்தான். நிறமெல்லாம் போய், வெளுத்து, அப்பளம் மாதிரி விறைத்து. பார்க்கவே பாவமாக இருந்தது. எடுத்துத் தூரப் போடலாம் என்று தூக்கினேன். அடிப்பக்கம் ஈரமாக இருந்த இடம் மட்டும் மெத்தென்று இருந்தது.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரு குவளைத் தண்ணீரை அதன்மேல் ஊற்றி, என் வெள்ளைத் துப்பட்டாவால் அழுத்தித் தேய்த்தேன். ஒன்றுமே ஒட்டவில்லை. கொடுப்பதற்கு அதனிடம் இனி சாயமே இல்லை.

இவர் வரும்வரை வாசலிலேயே நின்றிருந்தேன். உள்ளே வரவிடாமல் கொல்லைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். டயருக்குப் பதிலாக இதைச் சுருட்டித் தைத்துப் படகின் பக்கத்தில் கட்டினால்?

கையில் எடுத்தார். மடக்கினார், மோந்து பார்த்தார். நான் தேய்த்தது போதாதென்று தன் பனியனைக் கழற்றி அதை வைத்துத் தேய்த்தார். அப்புறம், "உள்ள இன்னா அடைக்கலாம்?" என்று கேட்டார்.

எனக்கு அழுகை வந்தது. ஷூவின் அடிப்பாகம் வெட்டியதில் மிஞ்சும் ஃபோம் துண்டு, என்றேன்.

நவம்பர் 8

வீடு முழுக்க மீன் எண்ணெய் நாற்றம். தண்ணீரில் கிடந்தாலும் தோல் அழுகாமல் இருக்க எண்ணெய் ஊற வேண்டுமாம். பிழிந்து, ஊறவைத்து, திரும்பப் பிழிந்து. இடுப்பில் கட்டிய லுங்கியோடு நாள் முழுக்க அதே வேலை. ஜும்மா தொழுகைக்கு மட்டும் குளித்துவிட்டுப் போய் வந்தார். தோல் ஷாப்புக்கு லீவு சொல்லிவிட்டார். மெஷினில் ஊசி இறங்கவில்லை, நான் குத்தூசியால் கையிலேயே தைத்தேன்.

ஓரத்தைக் கொஞ்சம் மடித்து அழகாகத் தைக்கட்டுமா என்று கேட்டேன்.

"இந்த வாட்டி அழகு வேணாம்" என்றார்.

ரஃபத் ஆபா வாசல் வரை வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனார்.

நவம்பர் 9

எல்லாத் தூணும் முடிந்தது. முதலிலேயே எழுதிவிட்டேன், பொறுக்கவில்லை.

தோல் உருளைகளை ரைட்டில் இரண்டு பக்கமும் கட்டிக் கொண்டுபோனோம். தூணை ஒட்டினால் இடியே இல்லை. படகு மெதுவாகப் போய்ச் சாய்ந்துகொள்கிறது, தண்ணீர் தூக்கினால் தூணோடு ஒட்டி ஏறி இறங்குகிறது. ராமமூர்த்தி சார் நின்றுகொண்டே தட்டினார். ஒரு தூண் முடிந்ததும் குனிந்து வெள்ளைக் கோட்டை விரலால் தடவி, விரலைத் திருப்பிப் பார்த்தார். சுத்தம்.

"இன்னாம்மா இது, தோலா?"

"ஆமா சார். உங்க பேன்ட்டுக்குப் போனது போக மீதி."

வாயிலிருந்து வந்துவிட்டது. போச்சு என்று நினைத்தேன். அவர் சிரித்தார். சத்தமாகச் சிரித்தார், பாலத்துக்கு அடியில் அது இரண்டு தடவை கேட்டது.

திரும்பும்போது, இரண்டு படகு எதிரும் புதிருமாகப் பாலத்துக்கு அடியில் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். வராது என்றேன். கம்பெனியில் லெஃப்ட்டுக்கு ரைட்டு வந்து சேராமல் எதுவும் லைனைத் தாண்டாது. இங்கேயும் லெஃப்ட்டு திரும்பி வந்து பக்கத்தில் நின்ற பிறகுதான் ரைட்டு கிளம்பும். அவர் திரும்பிப் பாலத்தைப் பார்த்தார். தூணுக்கும் தூணுக்கும் நடுவே உள்ள வழியைக் கண் என்பார்கள். நாலாவது கண்ணில்தான் ஆழமும் அகலமும் அதிகம்.

"ஒரே கண்ணு வழியா போய் ஒரே கண்ணு வழியா வர்றதா இருந்தா... நானா முடிவு பண்ண முடியாது. டிவிஷன் ஆபீஸுக்கு எழுதறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து இவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். "சரி" என்றார். ஒரே வார்த்தை. ஆனால் மீன் குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நாளைக்கு ஒரு தடவை வந்து பாருங்களேன் என்றதும் கை கழுவ எழுந்துவிட்டார்.

டிசம்பர் 2

புயல் மழை. படகுகள் கரையில். பதில் வரவில்லை.

டிசம்பர் 28

இன்னும் இல்லை. ராமமூர்த்தி சாருக்குப் போன் போட்டால், "மேல போயிருக்கும்மா" என்கிறார். எத்தனை மேல? பாலத்துக்கு மேல ரயில், ரயிலுக்கு மேல வானம், அதுக்கும் மேல யார்கிட்ட போயிருக்கு? பேஜாராப் போச்சு. கெங்கம்மா அக்காகிட்ட கத்திட்டேன், சங்கீதாகிட்ட கத்திட்டேன். பொங்கல் வந்துரும். போகமாட்டேன்னு எழுதினேனே, போகத்தான் வேணுமோ.

சங்கீதா போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். அவளுக்கும் போக வேறு இடம் இல்லை.

ஜனவரி 11

காலை. கெங்கம்மா அக்கா டிக்கெட் கூண்டிலிருந்து கத்தினார். "ஏ தில்ஷாத், பாலத்துல எவனோ தொங்கறான்."

ஓடினோம். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஒரு பெயின்டர் தொங்கிக்கொண்டிருந்தார். நாலாவது கண்ணுக்கு மேலே மஞ்சள் அடித்து, அதன்மேல் கறுப்பில் எழுதிக்கொண்டிருந்தார். முதல் எழுத்து வந்தது. இரண்டாவது வந்தது. நாங்கள் மூன்று பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி எழுத்துக்கூட்டிப் படித்தோம்.

படகு வழி.

நூறு வருஷத்துக்கு மேலாக அந்தப் பாலம் மணல்மேல் நின்றிருக்கிறது என்பார்கள். அதில் படகுக்கு ஒரு வழி எழுதியிருக்கிறது. எங்கள் படகுக்கு. சங்கீதா தேம்பித் தேம்பி அழுதாள். நான் அழவில்லை. அழுதேன், கொஞ்சம்தான்.

ஜனவரி 16

காணும் பொங்கல். உட்கார நேரமில்லை, இப்போதுதான் வந்தேன். கை விட்டுப்போகிறது. உள்ளங்கை காய்த்துவிட்டது, கொப்புளம் இல்லை.

குடியாத்தத்திலிருந்தும் மாதனூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்துவிட்டார்கள். வரிசை ரோடு வரை. லெஃப்ட்டு வர ரைட்டு போக, நாள் முழுக்க நாலாவது கண் வழியே போய்வந்தோம். பாலத்துக்கு அடியில் நுழைந்ததும் குழந்தைகள் கத்தத் தொடங்கிவிடும். அந்தப் பக்கம் வெளியே வந்து தண்ணீர் விரிவதைப் பார்த்ததும் பெரியவர்களும் வாயடைத்துப் போகிறார்கள். "அவ்ளோதானா" என்று இன்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் மாறவில்லை. படகை விட்டு இறங்குகிறவர்கள் பின்பக்கம் தட்டிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நாலு மாசத்துப் பழைய ஜோக்கு. ரஃபத் ஆபா பேரப்பிள்ளைகளோடு வந்து, என் படகில்தான் ஏறுவேன் என்று நின்று ஏறினார். அணை வரை போய்வந்தார். இறங்கியதும் அவர்கூடப் புர்காவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கறுப்புப் புர்காவில் என்ன தெரியும் ஆபா என்றேன்.

அப்போதுதான் பார்த்தேன், இவர் வருவதை. பெருநாளைக்கு மட்டும் எடுக்கிற வெள்ளை ஜிப்பா, வெள்ளைப் பைஜாமா. வரிசையில் எல்லோரையும்போல நின்றார். கூட்டத்தில் தெரிந்தவர்கள் பார்த்துவிட்டார்கள், பேச்சு அடங்கிவிட்டது. அவர் முறை வந்ததும் ஏறினார். நான் துடுப்புப் போட்டேன். பாலத்துக்கு அடியில் நுழையும்போது தலையைத் தூக்கி மஞ்சள்மேல் எழுதியிருந்ததைப் பார்த்தார். திரும்பும்போது, "நல்லா ஓட்டற" என்றார்.

துறைக்கு வந்து படகைக் கட்டியதும் எல்லோரும் இறங்கினார்கள். இவர் இறங்கவில்லை. படகின் விளிம்பில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த தோல் உருளைமேல் போய் உட்கார்ந்தார். நன்றாக அழுத்தி, சாவகாசமாக உட்கார்ந்தார். அப்புறம் எழுந்து கரையேறி, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, ஆற்றைப் பார்த்து நின்றார்.

ஜிப்பா நனைந்திருந்தது. வெள்ளையாகவே இருந்தது.